விக்கிரவாண்டியில் இரண்டு நிமிஷம்

விழுப்புரம்
12.2.1985

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி குணபத்திரன் எழுதுவது. அருகன் அருளால் இங்கே நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாமாவுக்கு இருமல் விட்டதா? ரயில்வேயை விட்டு ரிட்டயர் ஆன பிறகும் பனியில் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துவிட்டு வருகிற மனிதருக்கு எந்த மருந்தும் கேட்காது என்று நான் சொன்னதாகச் சொல்.

குசுமாவுக்கு நீ பார்த்திருக்கும் இடத்தைப் பற்றி எழுதியதைப் படித்தேன். பையன் சுமதிநாதன் மாட்டு டாக்டர், ஒரே பிள்ளை, கெட்ட பழக்கம் கிடையாது. அவன் அம்மா ஜ்வாலாமாலினி அம்மாள் பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை தொடமாட்டார்கள். ஜைனர் வீடு என்றால் அதுதானே வழக்கம், நம் வீட்டிலும் அப்படித்தான். எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், பையன் மாருதி கார் வாங்கியிருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அதைத்தான் நீ முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

நான் ஜாதகம் பார்க்கிறவன் இல்லை. ஒருவன் என்ன வண்டி வைத்திருக்கிறான் என்று சொல், அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவேன். என்னை மாதிரி அம்பாசிடர்காரன் வழியில் போகிறவனையும் ஏற்றிக்கொள்வான். பியட்காரன் தன் வீட்டு நாலு பேரை நன்றாகப் பார்த்துக்கொள்வான், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஹெரால்டுகாரன் வெளியே கிளம்பும் முன் இரண்டு தரம் கண்ணாடி பார்ப்பான். இந்த மாருதி வந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. அதை வாங்குகிறவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. பிடிபடாத இடத்தில் பெண்ணை எப்படிக் கொடுப்பது?

உனக்குத் துணையாகக் குசுமாவை இந்த வாரம் அனுப்பி வைக்கிறேன். பி.ஏ. முடித்துவிட்டு இங்கே சும்மாதான் இருக்கிறாள். உன் கால் சரியாகும்வரை இருக்கட்டும். அதற்குள் அவசரப்பட்டு எந்த முடிவும் பேசிவிடாதே.

இன்லண்டில் இடம் தீர்ந்தது. மாமாவுக்கு நமஸ்காரம்.

தம்பி,
குணபத்திரன்


திண்டிவனம்
27.2.1985

அன்புள்ள தம்பி குணபத்திரனுக்கு அக்காவின் ஆசிகள்.

குசுமா சௌக்கியமாக வந்து சேர்ந்தாள். என் கால் பரவாயில்லை. மாமாவின் இருமல் அப்படியே.

நேற்று நம் சந்தில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவித்தது. ஓமந்தூரில் இருந்த சுமதிநாதனுக்கு ஆள் போய்ச் சொன்னதும் அரை மணியில் வந்துவிட்டான். நம் சந்தில் உன் வண்டி நுழையாது. அவன் வண்டி நுழைந்தது. பசுவும் கன்றும் பிழைத்தன. குசுமா கூடவே நின்று வெந்நீர் ஊற்றினாள். அவளுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. எனக்கும்தான். இனி நீ சொல்வதில் இருக்கிறது.

அன்புடன்,
அனந்தமதி


விழுப்புரம்
10.3.1985

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும். இந்த மாதிரி விஷயங்களைக் கார்டில் எழுதாதே. போஸ்ட்மேன் சவுரிராயன் கார்டைக் கையில் கொடுக்கும்போதே, பாப்பாவுக்குப் பிடிச்சிருக்காமே என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தான்.

பசு பிழைத்ததில் சந்தோஷம். பையனின் கைராசியை நான் குறை சொல்லவில்லை. சந்தில் நுழைவதுதான் பெருமை என்றால் சைக்கிள் ரிக்‌ஷாவும் நுழையும்.

நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். அம்பாசிடர் கம்பெனிக்காரன் ஒரு பெரிய தந்திரசாலி. அவனுடைய தந்திரம் எதையும் மாற்றாமல் இருப்பது. மார்க் டூ, மார்க் த்ரீ, மார்க் ஃபோர் என்று முன்பக்கத்துச் சல்லடையைத்தான் மாற்றுகிறான். அதனால் எந்தக் கிராமத்திலும் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவான். புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவன் ஊரெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பான். அவனுக்கு வேறு விளம்பரமே வேண்டாம்.

மாருதிக்காரன் வழி வேறு. அவன் காரை விற்கவில்லை, அவசரத்தை விற்கிறான். என்ன கலர் வேண்டும் என்று கேட்கிறான் பார், அங்கேதான் ஆளைப் பிடிக்கிறான். வளையல் கடையில் நிற்பதுபோல நாமும் சிவப்பா நீலமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவோம், வண்டி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி மறந்துபோகும். நல்ல மூளை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உருவம்? பக்கவாட்டில் பார்த்தால் பிஸ்கட் டின். என் வண்டியின் மட்கார்டில் கையை வைத்தால் தானாக வழுக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போகும். அப்படிச் செய்ய வரைந்தவனுக்குக் கை வேண்டும். டின் செய்ய ஸ்கேல் போதும். டிக்கியில் இரண்டு மூட்டை மல்லாட்டை ஏற்ற முடியாத வண்டியை வைத்துக்கொண்டு என் மாதிரி மண்டிக்காரன் என்ன செய்வது?

குசுமா எப்போது திரும்புகிறாள்? காலையில் வண்டி கழுவும்போது பக்கெட் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஒரு மாதமாகிறது. அனுப்பி வை.

தம்பி,
குணபத்திரன்


திண்டிவனம்
2.6.1985

அன்புள்ள தம்பிக்கு ஆசிகள்.

நீ போட்ட கடிதங்கள் எல்லாம் வந்தன. எல்லாவற்றிலும் கார்தான் இருந்தது, வேண்டாம் என்று ஒரு இடத்திலும் இல்லை. அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நானும் மாமாவும் பேசி முடித்துவிட்டோம். கோபித்துக்கொள்ளாதே. பெண்ணுக்கு இருபத்துமூன்று ஆகிறது.

இம்மாதம் 23ஆம் தேதி ஞாயிறு, சுமதிநாதன் வீட்டில் கை நனைக்க வேண்டும். வழக்கம் உனக்குத் தெரியும். பெண் வீட்டார் அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டால்தான் சம்பந்தம் உறுதி. ஐந்து மணிக்கு இலை போடுகிறார்கள். ஆறரைக்கெல்லாம் பொழுது போய்விடும், அப்புறம் இரண்டு வீட்டிலும் யாரும் வாயில் வைக்க முடியாது. பெண்ணையும் அழைத்து வரச் சொன்னார்கள். மூன்று மணிக்கே கிளம்பிவிடு.

குசுமாவை நாளை பஸ் ஏற்றி விடுகிறேன். நன்றாக இருக்கிறாள். வெயிலில் வலது கை மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கிறது.

உன் அக்கா,
அனந்தமதி


விழுப்புரம்
9.7.1985

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் நலம். உன் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததா?

அன்றைக்கு நடந்ததில் எனக்கும் வருத்தம்தான். நாலு மணிக்குக் கிளம்பினாலும் ஒரு மணி நேரத்தில் வந்திருப்போம். என் வண்டி அப்படிப்பட்டது. ஒன்பது பேர், பழத்தட்டு, பட்சணக் கூடை எல்லாம் ஏற்றியும் ஒரு முனகல் இல்லை. வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டான். கேட்டுக்கு நான் என்ன செய்ய முடியும்? நாங்கள் வந்து இறங்கியபோது ஆறே முக்கால். போட்ட இலை போட்டபடி இருந்தது, ஒருவரும் கை வைக்க முடியவில்லை. அந்த அம்மாளிடம் கேட் விஷயத்தை நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

போகிற வழியில் புதிதாக வந்திருக்கிற கண்டசா கார் ஒன்றைப் பார்த்தேன். நீளமான மூக்கு. சீமையில் பழசாகிப்போன ஒரு உடம்பை வாங்கி வந்து உள்ளே நம் அம்பாசிடர் இன்ஜினையே வைத்திருக்கிறான். பார்க்கிறவனுக்குப் பணக்காரன், ஓட்டுகிறவனுக்குப் பழைய சிநேகிதன். சீட் நன்றாகச் சாய்கிறது. கியர் தரையில் இருக்கிறது. ஸ்டீயரிங் கொஞ்சம் லேசு. செகண்டில் இழுவை போதாது, தேர்டில் போட்டால் முண்டியம்பாக்கம் ஆலை வரைக்கும் வெண்ணெய் மாதிரி போகிறது.

மாமாவுக்கு நமஸ்காரம்.

தம்பி,
குணபத்திரன்


திண்டிவனம்
21.7.1985

அன்புள்ள தம்பிக்கு,

எண்ணெய் கிடைத்தது. கால் பரவாயில்லை.

கேட் போட்டதாக எழுதியிருக்கிறாய். உன் மாமா இருபத்தெட்டு வருஷம் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர் என்பது உனக்கு ஞாபகம் இல்லை போலிருக்கிறது. கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, அந்த நேரத்தில் அந்தப் பக்கம் கூட்ஸ் வண்டிகூட கிடையாது என்றார். சும்மா பார்த்த காரின் செகண்ட் கியர் இழுவை உனக்கு எப்படித் தெரிந்தது? நீ விக்கிரவாண்டியில் வண்டியை நிறுத்தி, யாரோ ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து, அவருடைய காரை நீயே வாங்கி ஓட்டிக்கொண்டு போனாய். உன் பெண்டாட்டியும் பெண்ணும் மற்றவர்களும் ஒன்றரை மணி நேரம் புளியமரத்தடியில் நின்றார்கள். குசுமா எனக்கு எழுதிவிட்டாள்.

அன்று முப்பத்திரண்டு இலை. அவ்வளவும் மாட்டுத் தொட்டிக்குப் போனது. ஜ்வாலாமாலினி அம்மாள் என்னிடம் சத்தம் போட்டெல்லாம் பேசவில்லை. "பொழுது சாயறதுகூடத் தெரியாம வர்றாங்க. அந்த வீட்டுப் பொண்ணு நமக்கு எதுக்குங்க?" என்று மட்டும் கேட்டார்கள். செஞ்சிப் பக்கத்திலிருந்து வேறு ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. பையன்தான் பிடிவாதமாக நிறுத்தி வைத்திருக்கிறான்.

நான் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குசுமா கார் ஓட்டுவாள். இங்கே இருந்தபோது சுமதிநாதன் கற்றுக்கொடுத்தான். நான் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன், அதனால் தப்பாக நினைக்காதே. உன்னிடம் நாலு வருஷமாகக் கேட்டாளாம். நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாயாம்.

உன் பெண்ணின் கல்யாணம் நின்றுபோனால் அது மாருதியால் இல்லை, உன்னால்.

அனந்தமதி


விழுப்புரம்
30.8.1985

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எல்லோருக்கும் சுகம். பதில் போட நாற்பது நாள் ஆகிவிட்டது. மண்டியில் வேலை.

மாருதி ஓட்டுவதெல்லாம் ஓட்டுவதில் சேர்த்தி இல்லை. விரலால் தள்ளினால் கியர் விழும், கால் பட்டால் கிளட்ச் இறங்கும். அதை ஓட்டிவிட்டுக் கார் ஓட்டுவேன் என்று சொல்வது குட்டையில் இறங்கி நின்றவன் பொம்மையார்பாளையம் கடலில் நீந்துவேன் என்பது போல. அம்பாசிடரில் கியர் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தன் பக்கம் இழுத்து, தூக்கி, ஒரு நொடி நிறுத்தித் தள்ள வேண்டும். வண்டி சொல்வதைக் காதால் கேட்டுத்தான் போட வேண்டும். நம்ம குசுமாவால் என் வண்டியைப் பத்தடி நகர்த்த முடியாது. அதனால்தான் சிரித்தேனே தவிர, இளக்காரத்தால் இல்லை.

இவ்வளவையும் அவளிடமே சொல்லியிருக்கலாம். அவள் இரண்டு மாதமாக என்னோடு பேசுவதில்லை. காலையில் பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

ஜ்வாலாமாலினி அம்மாளுக்கு நானே ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். நாலு தடவை கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாவது தடவை எழுதினேன். கேட் எதுவும் போடவில்லை, கண்டசா பார்த்து மதிகெட்டுப் போனேன், இலையைக் காக்க வைத்தது என் தப்பு, என் பெண்மேல் கோபப்படாதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். என்ன சொன்னார்கள் என்று விசாரித்து எழுது. சீக்கிரம் எழுது.

தம்பி,
குணபத்திரன்


திண்டிவனம்
6.10.1985

அன்புள்ள தம்பிக்கு ஆசிகள்.

அடுத்தடுத்து எனக்குக் காய்ச்சல். அதனால்தான் தாமதம், வேறு எதுவும் நினைக்காதே. இப்போது கஞ்சி இறங்குகிறது.

உன் கடிதத்தை அந்த அம்மாள் என்னிடம் காட்டினார்கள். இரண்டு தரம் படித்தார்களாம். பெண்ணைப் பெற்றவர் இப்படி ஒளிக்காமல் எழுதியிருக்கிறாரே என்றார்கள். கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருந்தது. இம்மாதம் 27ஆம் தேதி ஞாயிறு மறுபடி கை நனைக்க நாள் கொடுத்திருக்கிறார்கள். இதுவும் தவறினால் செஞ்சிக்காரர்களுக்குச் சரி சொல்லிவிடுவார்கள். பையனாலும் அதற்கு மேல் நிறுத்த முடியாது.

இப்போது ஐந்தே முக்காலுக்கே இருட்ட ஆரம்பித்துவிடுகிறது. மதியமே கிளம்பு. வழியில் எந்தக் கார் நின்றாலும் உன் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

உன் அக்கா,
அனந்தமதி


திண்டிவனம்
4.11.1985

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு வாரம் உன் கடிதத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அன்று என்ன நடந்தது என்று நீயும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நானே எழுதுகிறேன்.

நாலே முக்காலுக்கு உன் வண்டி தெருமுனையில் திரும்பியது. ஹாரன் கேட்டு எல்லோரும் வாசலுக்கு வந்தோம். ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்திருந்தது குசுமா. பக்கத்தில் உன் பெண்டாட்டி கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். உன்னைக் காணோம். ஜ்வாலாமாலினி அம்மாள் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அப்பா எங்கே என்று கேட்டார்கள்.

"விக்கிரவாண்டில ஒரு காரு பார்த்துக்கினு இருக்காருங்க. பின்னால பஸ்ஸுல வருவாரு. பொழுது போவுது, நாங்க உக்காந்துர்றோம்" என்றாள் உன் பெண்.

அந்த அம்மாள் கார்க் கதவைத் தாமே திறந்துவிட்டார்கள். பிறகு அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்த் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் சாப்பிட்டு எழுந்தோம். உனக்குப் பதிலாக மாமா தட்டு வாங்கினார்.

நீ ஏழு மணிக்கு வந்தாய். யாரோடும் பேசவில்லை. விடிந்ததும் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாய். பெண்ணின் மேல் கோபமா? அவள் அப்படிச் செய்திருக்காவிட்டால் இந்தச் சம்பந்தம் அன்றோடு போயிருக்கும். பெண்ணைப் பெற்றவர் இன்னும் நம் வீட்டில் கை நனைக்கவில்லையே என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீ சாப்பிடாமல் அவர்கள் கல்யாணத்துக்கு நாள் குறிக்க மாட்டார்கள். வருவாயா மாட்டாயா, ஒரு வரி எழுது.

அனந்தமதி


விழுப்புரம்
18.11.1985

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உனக்குக் காய்ச்சல் திரும்பவில்லையே? மாமாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். எனக்குப் பதிலாக அவர் தட்டு வாங்கியதுதான் சரி.

கோபம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்தேன். எனக்கு அப்படி ஆனதே இல்லை.

அன்று மூன்று மணிக்கே கிளம்பினோம். சத்தியமாக எங்கேயும் நிறுத்துகிற எண்ணம் எனக்கு இல்லை. பெட்ரோலுக்காக விக்கிரவாண்டி பங்கில் நிறுத்தினேன். அங்கே மெட்ராஸில் செய்கிற புது ஸ்டாண்டர்ட் நின்றது, இந்தப் பக்கம் வந்த முதல் வண்டியாக இருக்கும். பின்பக்கம் முழுவதும் ஒரே சரிவு, டிக்கியும் கண்ணாடியும் சேர்ந்தே திறக்கிறது. இரண்டு நிமிஷம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இவ்வளவு பெரிய வண்டியை இந்த ஊரில் யாருக்கு விற்கப் போகிறான், பெட்ரோலுக்குப் பயப்படாதவன் எத்தனை பேர் என்று அதன் சொந்தக்காரரிடம் ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. குசுமா பின்னால் வந்து நின்றாள். நாலு மாதத்துக்கப்புறம் அப்போதுதான் என்னோடு பேசினாள்.

"அப்பா, நீங்க பேசிட்டு மெதுவா வாங்க. நான் போறேன்."

சாவி வண்டியிலேயே இருந்தது. நான் நிஜமாகவே சிரித்தேன் அக்கா. முதல் கியரே விழாது, இறங்கி வந்து கூப்பிடுவாள் என்று நினைத்தேன். விழுந்தது. ஒரு கரகரப்பு இல்லை. செகண்ட் போட்டாள். ரோட்டில் ஏறி லாரிக்கு வழிவிட்டு, தேர்ட் போட்டாள். நான் காதால் கேட்டு எண்ணிக்கொண்டே நின்றேன். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. இத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். நாலு வருஷம் கேட்டும் நான் கற்றுக்கொடுக்கவில்லையே என்பதுதான் இப்போது உறுத்துகிறது. மாருதிக்காரப் பையன் கேட்டதும் கற்றுக்கொடுத்தான். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கு இப்போது பிடிபட்டுவிட்டது.

வரும் ஞாயிறு, 24ஆம் தேதி, காலை பத்து மணிக்கு நான் வருகிறேன். நல்ல வெயில் இருக்கும்போதே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். கேப்பைக் களி போட்டாலும் சரி, விருந்து எல்லாம் வேண்டாம் என்று அந்த அம்மாளிடம் சொல். வண்டியைக் குசுமா ஓட்டுவாள், நான் பின்சீட்டில் வருகிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், மாமாவிடம் படித்துக் காட்டாதே. எட்டு வருஷமாக அந்த வண்டியை வைத்திருக்கிறேன், அது ரோட்டில் போவதை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. நான்தானே எப்போதும் உள்ளே இருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். ஊரில் எல்லாக் காருக்கும் குறை சொல்கிற எனக்கு அதில் ஒரு குறை தெரியவில்லை. பாலம் தாண்டிப் புளியமரங்களுக்கு நடுவே சிறிசாகிப் போய்க்கொண்டே இருந்தது. கண் கலங்கிவிட்டது. ஸ்டாண்டர்ட்காரர் பக்கத்தில் வந்து, போவது உங்கள் வண்டியா என்று கேட்டார்.

"என் பொண்ணுங்க" என்றேன்.

உன் தம்பி,
குணபத்திரன்